குடியிருப்பும் குடியுரிமையும்: மலாயாத் தமிழரின் தெரிவு (1948–1969)

'குடி' என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. அதன் பொருட்பரப்பும் விரிந்தது. குலம், குடும்பம், வீடு, ஊர், அரசனுக்குரிய மக்கள், உழவர் எனப் பல பொருள்களை அது தாங்கி நிற்கிறது. திருக்குறளில் 'குடிமை' என்பது ஓர் அதிகாரத்தின் பெயராக அமைந்து நற்குடிப் பிறப்பின் இயல்பைக் குறிக்கிறது. இன்று அதே சொல் குடிமைப் பணி, குடிமைப் பொருள் என ஆட்சித் தமிழில் வழங்குகிறது. குடியிருத்தல், குடியேறுதல், குடிபெயர்தல், குடிமகன், குடியுரிமை ஆகிய யாவும் இவ்வொரு வேரிலிருந்து கிளைத்தவையே. ஓரிடத்தில் தங்கி வாழ்தலும் அவ்விடத்துக்கு உரியவராதலும் தமிழ்ச் சொல்லாட்சியில் பிரிந்து நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் அரசுகளோ இவ்விரண்டையும் பிரித்து வெவ்வேறு நிற அட்டைகளில் எழுதின.

இப்பிரிவினை தமிழரை மிக ஆழமாகத் தொட்ட நாடுகளுள் மலாயாவும் ஒன்று. 1948 முதல் 1969 வரையிலான இருபது ஆண்டுகளில் அந்நாட்டுத் தமிழ்த் தொழிலாளர் குடியுரிமை பெறுவதா, நிரந்தர வசிப்புரிமையோடு நின்றுவிடுவதா என்னும் வினாவின்முன் நிறுத்தப்பட்டனர். குடியுரிமை பெறாது நின்றோரைத் 'தாயகப் பற்றால் நின்றோர்' எனப் போற்றுவதும், 'அறியாமையால் இழந்தோர்' என இரங்குவதும் இத்துறை பற்றிய எழுத்துகளில் வழக்கமாக உள்ளன. இரண்டுமே அரைகுறை விளக்கங்கள். அவர்கள் நின்ற நிலை அன்றைய வாழ்க்கைமுறைக்குப் பொருந்திய ஏற்பாடாகவே இருந்தது. பின்னர் விதி மாறியது. முன்பு செய்த தெரிவுக்கு அவர்கள் அறியாத புதிய விலை வைக்கப்பட்டது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வருவதும் போவதும்

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் சென்ற முறையை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். கங்காணி தன் ஊருக்குத் திரும்பி வந்து, உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினார். சில ஆண்டுகள் உழைத்துச் சிறிது பொருள் சேர்த்து ஊர் திரும்புதல், மீண்டும் செல்லுதல் என்பதே பலருடைய வாழ்வின் ஒழுங்கு. இரப்பர் விலை வீழ்ந்த 1930-களின் தொடக்கத்தில் தோட்டங்கள் பல்லாயிரவரைத் திருப்பியனுப்பின. விலை ஏறியபோது மீண்டும் அழைத்தன. 'போதல்' என்பதும் 'வருதல்' என்பதும் இந்த ஒழுங்கில் ஒரே பயணத்தின் இரு பாதிகளாக இருந்தன.

1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் கங்காணி முறை முடிவுற்றது. தொடர்ந்து வந்த சப்பானியர் ஆட்சி (1942–1945) தோட்டத் தமிழரைச் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசென்று பெருந்தொகையினரைக் கொன்றது. குடும்பங்கள் சிதறின, தோட்ட அலுவலகங்களில் இருந்த ஏடுகள் பலவும் அழிந்தன. பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் 'எத்தனை ஆண்டுகளாக இங்கு வசித்து வருகிறீர்?' என்ற வினா எழுந்தபோது இவ்விழப்பு முதன்மை பெற்றது. 1947 மக்கள்தொகைக் கணக்கின்படி மலாயாக் கூட்டரசில் ஏறத்தாழ 5,30,000 இந்தியர் இருந்தனர். அவர்களுள் பெரும்பான்மையர் தமிழர். ஏறத்தாழப் பாதிப்பேர் மலாயாவிலேயே பிறந்தவர். 'வந்தேறிகள்' என்ற சொல் அந்நாளிலேயே பாதி உண்மையாகிவிட்டது என்பது இதனால் விளங்கும்.

1948: துறவு கேளாத குடியுரிமை

1946 ஏப்ரலில் தோன்றிய மலாயன் யூனியன் திட்டம் மலாயர் அல்லாதாருக்கும் தாராளமாகக் குடியுரிமை வழங்க முன்வந்தது. மலாயரின் கடும் எதிர்ப்பினால் அத்திட்டம் கைவிடப்பட்டு, 1948 பிப்ரவரி 1 அன்று மலாயாக் கூட்டரசு அமைந்தது. புதிய உடன்படிக்கை குடியுரிமையின் வாயிலைக் குறுக்கியது. மலாயாவில் பிறந்தவராயின் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். வெளியில் பிறந்தவராயின் 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். மலாய் அல்லது ஆங்கில அறிவு, நன்னடத்தை, நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் ஆகியவை பிற நிபந்தனைகள். பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்த பிரித்தானியப் பிரசைகளுக்கு 15 ஆண்டுத் தொடர் வசிப்பு இருந்தால் குடியுரிமை தானாகவே கிட்டியது. ஆதலால் துறைமுக நகரத்துத் தமிழ் வணிகர், எழுத்தர் ஆகியோரின் நிலையும் உள்நாட்டுத் தோட்டத் தொழிலாளரின் நிலையும் தொடக்கத்திலேயே வேறுபட்டன.

இங்கு நுட்பமாக நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1948-இன் கூட்டரசுக் குடியுரிமை தேசிய இனவுரிமை ஆகாது. பிரித்தானியப் பிரசையாக இருந்துகொண்டே ஒருவர் அதனைப் பெறலாம். எதையும் துறக்குமாறு அது கேட்கவில்லை. அதனாலேயே அதனைப் பெறுவதற்கு அவசரமும் தோன்றவில்லை. தோட்டத்தில் வேலை செய்யவோ, லயத்தில் குடியிருக்கவோ, ஊருக்குப் பணம் அனுப்பவோ குடியுரிமை தேவைப்படவில்லை. வாக்குரிமை ஒன்றே அதனால் விளையும் தனிப்பயன். கூட்டரசுச் சட்டமன்றத்துக்குத் தேர்தலே நடவாத 1948-இல் அது வெறும் சொல்லாகவே இருந்தது.

அதே ஆண்டு சூன் மாதத்தில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமாயிற்று. கைரேகையும் நிழற்படமும் கொண்ட அந்த அட்டை கம்யூனிசப் போராளிகளைப் பிரித்தறிவதற்கென வந்தது. ஆயினும் அரசு தந்த அட்டை கையில் இருப்பதே அந்நாட்டுக்கு உரியவராக இருப்பதற்குச் சான்று என்று தொழிலாளர் பலர் எண்ணினர். அடையாளத்துக்கும் உரிமைக்கும் இடையே ஏற்பட்ட இம்மயக்கம் இருபது ஆண்டுகள் நீடித்தது.

தில்லியின் குரல்

குடியுரிமை வினாவில் இந்தியா கொண்ட நிலையும் தெளிவானது. இந்திய அரசமைப்பின் 8-ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வழியினர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவுசெய்து இந்தியக் குடிமக்களாகலாம் என்றது. 9-ஆம் பிரிவும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும், பிற நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடிமகனாகத் தொடர இயலாது என்றன. வெளிநாட்டு இந்தியர் தாம் வாழும் நாட்டின் குடிமக்களானால் இந்தியாவுக்கு அவர்களிடம் பண்பாட்டு உறவு இருக்கும், அரசியல் உறவு இராது. இந்தியக் குடிமக்களாகவே இருந்தால் அயல்நாட்டார்க்குரிய நடத்துமுறைக்கு மேல் அவர்கள் எதிர்பார்த்தல் கூடாது என்பதே நேருவின் கொள்கை. கொள்கையளவில் இது நேர்மையானது. எனினும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளத்தக்க நிலையில் இருப்பவரையே அது கருதியது. பதிவு அலுவலகம் எங்குள்ளது என்றே அறியாத பால்வெட்டுத் தொழிலாளி இரண்டையும் தேராமல் இருந்துவிடக்கூடும் என்பதற்கு அக்கொள்கையில் இடமில்லை.

அன்றைய மலாயா இந்தியத் தலைமையின் முகமும் இதே இரட்டைத் தன்மையைக் காட்டியது. 1946-இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவர் ஜான் திவி. அடுத்த ஆண்டே அவர் மலாயாவில் இந்திய அரசின் பேராளராக அமர்ந்தார். மலாயா மண்ணில் இந்தியரின் உரிமைக்கு நின்ற இயக்கத்தின் தலைவரே தில்லியின் பேராளராகவும் ஆனபோது, 'நீ எந்நாட்டவன்?' என்னும் வினா எளிய தொழிலாளிக்குத் தெளிவாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. 1955-இல் வீ. தி. சம்பந்தன் தலைமை ஏற்ற பின்னரே அவ்வியக்கம் தோட்டத் தமிழரின் பக்கமும் மலாயாக் குடியுரிமையின் பக்கமும் உறுதியாகத் திரும்பியது. சிங்கப்பூரில் தமிழ் முரசு இதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி, அங்கு 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழர் உடனே பதிவுசெய்துகொள்ள வேண்டுமென முனைந்து பரப்புரை செய்தார். இதழியல் வரலாற்றில் இலக்கியப் பணிக்காகவே பெரிதும் நினைக்கப்படும் அவருடைய இப்பணி தனி ஆய்வுக்குரியது.

மெர்டேக்காவும் ஓராண்டு வாய்ப்பும்

1955 சூலை 27 அன்று நடந்த முதற் கூட்டரசுத் தேர்தலில் வாக்காளருள் 84 விழுக்காட்டினர் மலாயர். இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையில் அவர்கள் ஒன்பதில் ஒரு பங்காக இருந்தும் வாக்குச் சாவடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. குடியுரிமையின் அரசியல் விலை இங்கு முதன்முறையாக வெளிப்பட்டது.

விடுதலைக்கான அரசமைப்பை வகுத்த ரீட் ஆணையத்தில் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக் இந்திய உறுப்பினராக இருந்தார். 1957 ஆகஸ்டு 31 அன்று நடப்புக்கு வந்த அரசமைப்பு, அந்நாள் முதல் மலாயாவில் பிறப்போர் அனைவரையும் குடிமக்கள் ஆக்கியது. முன்பே மலாயாவில் பிறந்திருந்த பெரியோர் 7 ஆண்டுகளில் 5 ஆண்டு வசிப்பைக் காட்டினால் பதிவுசெய்து கொள்ளலாம். வெளியில் பிறந்து விடுதலை நாளில் அங்கு வாழ்ந்தோர்க்கு 12 ஆண்டுகளில் 8 ஆண்டு வசிப்பு வேண்டும். இரு சாராருக்கும் எளிய மலாய் அறிவு கட்டாயம். ஆனால் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாயாவில் பிறந்தோர் மொழித்தேர்விலிருந்து விலக்குப் பெற்றனர். வெளியில் பிறந்தோருள் 45 வயது நிறைந்தோர்க்கும் அவ்விலக்கு உண்டு. இவ்வாய்ப்பைப் பயன்படுத்திப் பல இலட்சம் பேர் குடியுரிமை பெற்றனர்.

இம்முறை குடியுரிமை துறவைக் கேட்டது. பிற நாடுகளின்பால் உள்ள பற்றுறுதியைக் கைவிடுவதாக விண்ணப்பதாரர் உறுதிமொழி கூற வேண்டியிருந்தது. இந்தியச் சட்டத்தின் கதவும் அந்நொடியில் சாத்தப்பட்டது. விண்ணப்பிக்காதவர் எதையும் இழக்கவில்லை என்றே தோன்றியது. அவர் 'நிரந்தரவாசி'யாகத் தொடர்ந்தார். குடிமகனுக்கு நீல அட்டையும் நிரந்தரவாசிக்குச் சிவப்பு அட்டையும் என்னும் நிறவேறுபாடு நிலைபெற்றது. 1960-களின் நடுப்பகுதி வரை இவ்விரு நிறங்களுக்கும் தோட்டத்துக் கூலிப் புத்தகத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

ஏன் நின்றனர்?

இவ்வினாவுக்கு ஒரே விடை இல்லை. நகரத்தார் வணிகத்தில் முகவர் மூன்றாண்டுக்கொரு முறை மாறும் ஏற்பாடு இருந்தது. முதலீட்டாளர் செட்டிநாட்டில் இருந்தார். அவர்களுக்கு மலாயா தொழிற்களம், குடியுரிமை பொருளற்றது. யாழ்ப்பாணத் தமிழ் எழுத்தர்க்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. படிவம் அவர்களை அச்சுறுத்தவில்லை. நெருக்கடி தோட்டத் தொழிலாளரிடமே இருந்தது.

அவர்களுடைய கணக்கு ஊரையும் உள்ளடக்கியது. பங்காளிகளோடு பொதுவில் கிடக்கும் சிறு காணி, மணம் பேசவேண்டிய தங்கை, குலதெய்வத்துக்கு நேர்ந்த கடன், முதுமையில் சென்றடையத் தாய்மாமன் வீடு ஆகிய யாவும் கடலுக்கு இப்பால் இருந்தன. முதுமைக்குத் தோட்டம் எந்த உறுதியும் தரவில்லை. லயத்து வீடு வேலையோடு கூடியது. வேலை நின்றால் வீடும் நிற்கும். எந்நாட்டில் இறுதிக்காலம் கழியும் என்பது உறுதியாகத் தெரியாத ஒருவர், திரும்பிச் செல்லும் வழியை அடைத்துக்கொள்ள மறுப்பது பிழையாகாது. நிரந்தர வசிப்புரிமை அவருக்கு இரு கரையிலும் கால் வைக்க இடந்தந்தது. இதனைப் பற்று என்பதைவிடக் காப்பு எனல் பொருந்தும்.

இக்காப்பிலும் ஒரு விரிசல் இருந்தது. 1953 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருவோரின் தொகையைச் சுருக்கியது. குடிமகனல்லாதார் ஊர் சென்று மீளவும் முன்னிசைவு வேண்டியதாயிற்று. ஊரில் நெடுநாள் தங்கியவர் தம் வசிப்பாண்டுக் கணக்கையும் இழக்கக்கூடும். ஆகவே ஊருக்குப் போய்வரும் வழக்கமே, எந்த உரிமையைக் காக்க அது கடைப்பிடிக்கப்பட்டதோ அதனைத் தேய்த்தது.

மறுபுறம், விண்ணப்பிக்க விரும்பியவரின் பாதையும் எளிதன்று. பிறப்புப் பத்திரம் வேண்டும். தோட்டத்தில் பிறந்த பலருக்கு அது கைவசம் இல்லை. பெயர் ஒரு தாளில் 'முனியன்' என்றும் மற்றொன்றில் 'முனியாண்டி' என்றும் இருக்கும். தந்தை பெயரே தன் பெயராகப் பதிவாகியிருக்கும். தமிழ்ப் பெயரை உரோமன் எழுத்தில் எழுதிய எழுத்தரின் காதுக்கேற்ப ஒருவர் இருவரானார். பெயரியல் ஆய்வாளர் கருத்தில் கொள்ளவேண்டிய இச்செய்தி, விண்ணப்பதாரர்க்கு வாழ்வாதாரச் சிக்கலாக இருந்தது. நகரத்துக்குச் சென்றுவர ஒருநாள் கூலி போகும். படிவத்தை நிரப்ப வேறொருவர் தயவு வேண்டும். வெளியில் பிறந்த, 45 வயது நிறையாத பெண் மலாய் அதிகாரியின்முன் நின்று மலாயில் விடைகூற வேண்டும். சந்தையில் மலாய் பேசத் தெரிந்தவரும் அலுவலக மேசைக்குமுன் வாயடைத்துப் போதல் இயல்பே.

வெளியில் பிறந்தோர் பதிவுசெய்துகொள்ளும் வழியும் 1963-இல் அடைக்கப்பட்டது. அதன்பின் 10 ஆண்டு வசிப்பையும் போதிய மலாய் அறிவையும் கேட்கும் இயல்பூட்டு முறை மட்டுமே எஞ்சியது. அதனை வழங்குவது அரசின் விருப்புரிமை.

ஒரு வீட்டில் இரு நிறம்

இச்சட்டங்களின் மிக ஆழமான விளைவு குடும்பத்துக்குள் நிகழ்ந்தது. 1962-இல் திருத்தப்பட்ட விதியின்படி, மலாயாவில் பிறக்கும் குழந்தையின் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் குழந்தை குடியுரிமை பெறும். எனவே சிவப்பு அட்டைத் தந்தைக்கு நீல அட்டை மகன் பிறந்தான். தந்தை விட்ட தெரிவைச் சட்டமே மகனுக்குச் செய்து கொடுத்தது. 'பிள்ளைகளுக்குக் கிடைத்துவிட்டது, நமக்கு எதற்கு?' என்னும் எண்ணம் பெற்றோரிடம் வேரூன்ற இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இது எளிதாக அமையவில்லை. கோயிலிலும் லயத்து முற்றத்திலும் வழக்கப்படி நடந்த திருமணங்கள் பல பதிவு செய்யப்படவில்லை. முசுலிமல்லாதாரின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1982 மார்ச்சில்தான் நடப்புக்கு வந்தது. சட்டத்தின் பார்வையில் பெற்றோர் மணமாகாதவராயின் குழந்தையின் நிலை தாயின் நிலையைத் தொடர்ந்தது. தாலி இருந்தும் தாள் இல்லாத குடும்பங்களில் தந்தையின் நீல அட்டை பயன்படாது போயிற்று.

1969: விலை மாறிய ஆண்டு

1968-இல் இயற்றப்பட்ட வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமகனல்லாதார் அரசின் வேலை உரிமம் பெற்றே பணியாற்ற வேண்டும் என்றது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின்னர் அது முனைப்புடன் செயற்படுத்தப்பட்டது. அதுவரை வாக்குரிமையை மட்டுமே வேறுபடுத்திய அட்டையின் நிறம் இப்போது கூலியையும், கூலியோடு கூடிய லயத்து வீட்டையும் வேறுபடுத்தியது. தலைமுறை கடந்து பால்மரம் சீவியவர் அதே மரத்தைச் சீவ உரிமம் கேட்டு நின்றார். இதற்கு முன்பே, வெள்ளையர் விற்றுச்சென்ற பெருந்தோட்டங்களைக் கூறுபோட்ட தோட்டத் துண்டாடல் பல்லாயிரவரின் வேலையைப் பறித்திருந்தது. அதனை எதிர்கொள்ளவே சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சேமிப்பு ஊர்க்காணிக்குச் செல்லாமல் அவர்கள் உழைக்கும் மண்ணிலேயே முதலாக வேண்டும் என்பது அதன் உள்ளீடு. 1969-இன் அடி இந்த வலுவற்ற உடலின்மேல் விழுந்தது.

அக்காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியர் மலேசியாவை விட்டு வெளியேறினர் என ஆய்வாளர் கணக்கிடுவர். 'இரசூலா' கப்பல் முன்பு அவர்களையோ அவர்தம் பெற்றோரையோ பினாங்குக்குக் கொண்டுவந்தது. அதே கப்பல் நாகைக்கும் சென்னைக்கும் மீண்டும் கொண்டுசென்றது. 1973-இல் அதன் பயணமும் நின்றது. நீல அட்டைப் பிள்ளைகள் தங்க, சிவப்பு அட்டைப் பெற்றோர் கப்பலேறும் நிலையும், பெற்றோருடன் சென்ற மலேசியக் குடிமகனான சிறுவன் தமிழகத்தில் அயல்நாட்டான் ஆகும் நிலையும் இவ்விதிகளின் நேர்விளைவுகள். இருகரைக் காப்பு என எண்ணியது இரு கரைக்கும் இடையிலான கடலாக மாறிற்று.

அண்டை நாடுகளோடு ஒப்பிட்டால் மலாயாவின் தனித்தன்மை புலப்படும். இலங்கையில் 1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் மலையகத் தமிழர் பெருந்திரளாக விண்ணப்பித்தனர், பெரும்பாலோர் மறுக்கப்பட்டனர். 1964-இன் சிறிமா–சாத்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டது. அங்குத் தெரிவு மக்களிடம் இருக்கவில்லை. பர்மாவில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வாயிலைத் திறந்திருந்தும் சிலரே நுழைந்தனர். ஏனையோர் அயலார் பதிவுச் சான்றுடன் வணிகம் செய்து, 1963–64-இல் கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமையானபோது வெறுங்கையோடு திரும்பினர். மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் இன்றும் வாழும் தமிழ்க் குடியிருப்பு அத்திரும்புதலின் எச்சம். மலாயா இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அங்குக் கதவு திறந்திருந்தது. அது எப்போது மூடப்படும் என்பதும், மூடியபின் வெளியில் நிற்போர்க்கு என்ன நேரும் என்பதும் அறிவிக்கப்படவில்லை.

1969-க்குப் பின்னும் தங்கிவிட்ட சிவப்பு அட்டைக்காரர் மலேசியாவிலேயே முதுமையடைந்தனர். இந்தியா பிற்காலத்தில் தன் நிலையைத் தளர்த்தி, 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழிப் பிற நாட்டுக் குடிமக்களான இந்திய வழியினர்க்கு வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை என்னும் அட்டையை வழங்கத் தொடங்கியது. பெயரில் குடியுரிமை இருப்பினும் வாக்குரிமை அற்ற அது, உண்மையில் ஒருவகை நிரந்தர வசிப்புரிமையே. 1957-இல் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி விரும்பிய இருகரை ஏற்பாட்டை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத் தில்லி ஏற்றுக்கொண்டது. ஆனால் அதனைப் பெற, முதலில் வேறொரு நாட்டின் குடிமகனாக இருத்தல் வேண்டும். சிவப்பு அட்டைக்காரர் அதுவும் இல்லை.

2018-இல் மலேசிய அரசு, 60 வயது கடந்த சிவப்பு அட்டை இந்தியர் 3,407 பேருக்கு, உரிய தகுதிகளை நிறைவு செய்தால் குடியுரிமை வழங்க இசைவதாக அறிவித்தது. அவ்வாண்டு 60 வயதைத் தொட்டவர், மெர்டேக்காவுக்குப் பிந்தைய ஓராண்டு வாய்ப்பு முடிவடைந்த 1958-இல் பிறந்தவராவர்.